கணவர் பெயரை விட்டு, அவர் பிறந்த பெயரைத் தேடுங்கள்

வணக்கம். 1770களில் இலங்கையின் காலி நகரில் மணமான உங்கள் டச்சு மூதாட்டியின் பெயர், கணவரின் குடும்பப் பெயரோடு தேடினால் எங்குமே கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். காரணம் எளிது. டச்சுத் தேவாலயப் பதிவேடுகளில் பெண்கள் மணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள்.

முதலில் அவருடைய பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவைப் பிடியுங்கள். அதில் தாயின் சொந்தப் பெயர் இருக்கும். சாட்சிகளாக நின்றவர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தாத்தா, பாட்டி, சித்தி, மாமா என்று உறவினர்தான் நிற்பார்கள். எனக்கு இதுதான் மிகப் பெரிய புதையலாகத் தோன்றுகிறது. ஒன்றில் மட்டும் கவனம்: 'வான் கொழும்பு' (கொழும்பைச் சேர்ந்தவர்) என்றிருந்தால் அதைக் குடும்பப் பெயராக எடுத்துவிடாதீர்கள், பல இடங்களில் அது பிறந்த ஊரைத்தான் சொல்கிறது.

அப்புறம், 1908இல் தொடங்கிய இலங்கை டச்சு பறங்கியர் (அங்கே குடியேறிய டச்சுக்காரர்களின் வழித்தோன்றல்கள்) சங்கத்தின் இதழில் பல குடும்பங்களின் வம்சாவளிகள் வந்துள்ளன. அவை ஆண்வழியில் போவதால், உங்கள் மூதாட்டியை அவருடைய தந்தையின் குடும்பத்துக்குள் தேட வேண்டும். தந்தை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியராக ஐரோப்பாவிலிருந்து வந்தவர் என்றால், நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் கப்பல் சம்பளப் பேரேடுகளில் அவருடைய சொந்த ஊர் கிடைக்கலாம். மூதாட்டியின் தாய் இலங்கையிலேயே பிறந்தவராக இருக்கவும் நிறைய வாய்ப்புண்டு. அந்த வழியையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.