டிராக் ஓட்டத்துக்குப் பின் மூன்று கார்கள்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

வேலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் சொச்சம் போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்குள்ள பந்தயப் பாதை ஒரு சுற்றுக்கு 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். போர்ஷே 911 ஜிடி3 (992 தலைமுறை), லம்போர்கினி ஹுராகான் எவோ, நிசான் ஜிடி-ஆர் ஆகிய மூன்றையும் அந்த மாதிரிப் பாதையில் ஓட்டி ஒப்பிடுவது பற்றி வந்த கேள்விகள் இவை.

காட்பாடி: அண்ணா, ஹுராகான் 640 குதிரைத்திறன், ஜிடி-ஆர் 570, ஜிடி3 வெறும் 510. இதை ஏன் அந்த ரெண்டோட சேர்த்துப் பேசறாங்க?

குதிரைத்திறன் வேலை செய்வது நேர்ப்பாதையில்தான் தம்பி. 50 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் பக்கவாட்டுப் பிடிப்பு 1.0 ஜி (காரின் எடைக்குச் சமமான விசை) என்றால் மணிக்கு 80 கி.மீ. வேகம் தாங்கும். 1.1 ஜி கிடைத்தால் 84. இந்த 4 கி.மீ.யை திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது அப்படியே நேர்ப்பாதைக்கு எடுத்துப் போகலாம். அந்தப் பிடிப்பைத் தருவது டயரும் முன்பக்க சஸ்பென்ஷனும். 992 ஜிடி3-யில் முன்னால் இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் இரு கைகள் பிடிக்கும் அமைப்பு) வைத்தது அதற்குத்தான்.

எடையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஹுராகானுக்குச் சொல்லும் 1,422 கிலோ உலர் எடை: பெட்ரோல், ஆயில், கூலன்ட் எதுவும் கணக்கில் இல்லை. ஜிடி3-க்குச் சொல்லும் 1,435 கிலோ இவை எல்லாம் சேர்ந்தது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து "ஒரே எடைதான்" என்பவர் ஏமாந்துபோகிறார்.

ராணிப்பேட்டை: ஜிடி-ஆர் முதல் ரெண்டு சுற்று பிச்சு எடுக்குது, நாலாவது சுற்றில் நேரம் இழுக்குது. இன்ஜின் கோளாறா சார்?

பெரும்பாலும் இல்லை. கணக்கைப் பாருங்கள். 200 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறக்க, 1,500 கிலோ காரின் பிரேக் ஏறக்குறைய 1.9 மெகாஜூல் ஆற்றலை வெப்பமாக்கி வெளியேற்ற வேண்டும். ஜிடி-ஆர் சுமார் 1,750 கிலோ, அதற்கு 2.3 மெகாஜூல் ஆகும். ஒவ்வொரு திருப்பத்திலும் இந்த வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும். முன் டிஸ்க் 390 மி.மீ. பெரிதுதான், ஆனாலும் இரும்பு. முன் டயரும் அதே எடையைத் தூக்கிச் சுமந்து சூடேறி வழுக்கும். ஜிடி-ஆர் மாதிரி டர்போ காருக்கு இன்டர்கூலர் (டர்போ அழுத்தித் தள்ளும் காற்றை ஆற்றும் பகுதி) சூடு வேறு. கியர்பாக்ஸ் ஆயில் வெப்பநிலை டாஷ்போர்டிலேயே தெரியும், அது ஏறினால் ஒரு சுற்று நிதானமாக ஓட்டி ஆறவிடுங்கள்.

ஆகவே முதல் சுற்று நேரத்தை வைத்து மூன்று கார்களை ஒப்பிடவே கூடாது. நாலாவது சுற்றை எடுங்கள்.

ஆற்காடு: பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இறங்குது. பேட் மாத்தணுமா?

பெடல் பஞ்சாக இறங்கினால் குற்றவாளி பிரேக் ஆயில். கொதித்து ஆவிக் குமிழி விழுந்திருக்கிறது. பெடல் கல்லாக நின்று வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் அப்போதுதான் பேட் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் தகடு) வெந்துபோனது. டாட் 4 தர பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பாதி தீர்ந்து மூடி வைத்த டப்பாவை அடுத்த முறை ஊற்றாதீர்கள். டிராக்குக்கு 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸிங் ஆயிலாகப் புதிதாக ஊற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். பேட் பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் சாலைக்கு ஓடும், டிராக்குக்கு ஆகாது. பேட் மெலிந்தால் சூடு நேராக பிரேக் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகும்.

பிட்டுக்குள் (பாதையோரம் கார் நிறுத்தும் இடம்) வந்ததும், பிரேக் சூடாக இருக்கும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

ஹுராகானில் இருப்பது கார்பன் செராமிக் டிஸ்க். தேய்மானத்தைத் தடிமனை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கழற்றி எடை போட்டு, டிஸ்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச எடையோடு ஒப்பிட வேண்டும். பழைய கார் வாங்குபவர்கள் கேட்டே ஆக வேண்டிய எண் இது.

குடியாத்தம்: டயர் காற்று எவ்வளவு வைக்கலாம் அண்ணா?

குளிர்ந்த அளவு முக்கியமில்லை, சூடான அளவுதான் முக்கியம். 35 டிகிரியில் 28 பி.எஸ்.ஐ. வைத்தால், டயருக்குள் காற்று 75 டிகிரி ஆகும்போது 33-ஐத் தாண்டிவிடும். காலையில் 33 வைத்துக்கொண்டு நுழைபவர் மூன்றாம் சுற்றில் 39-ல் ஓடுகிறார். நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட, கார் மிதக்கிறது. பிறகு "இந்த கார் சரியில்லை" என்று காரின் மேல் பழி.

மூன்று சுற்று ஓட்டி, நேராகப் பிட்டுக்கு வந்து, ஓரிரு நிமிடத்துக்குள் நான்கையும் அளந்து, தயாரிப்பாளர் டிராக்குக்குச் சொல்லும் சூடான அளவுக்கு இறக்குங்கள். மிஷலின் கப் 2 மாதிரி டிராக் டயருக்குப் பெரும்பாலும் 30-லிருந்து 32-க்குள் வரும். கடிகாரச் சுற்றில் ஓடும் பாதையில் வலத் திருப்பம் அதிகம் என்பதால் இடப்பக்க டயர் அதிகம் சூடாகும். அதனால் இடம் வலம் ஒரே அளவு குளிரில் வைத்தால் சூட்டில் சமமாக இருக்காது.

ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சாயங்காலம் அதே டயரில் காஞ்சிபுரம், வாலாஜா வழியாக வீடு திரும்பினால், ஆறியபின் அழுத்தம் சாலைக்கு வேண்டியதைவிடக் குறைந்திருக்கும். கையடக்கக் கம்ப்ரெஸர் ஒன்று காரில் கிடக்கட்டும்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: சுற்று நேரம் அளக்க போன் ஆப் போதுமா சார்?

போன் பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறைதான் இடத்தைப் பதியும். 200 கி.மீ. வேகத்தில் அது 55 மீட்டருக்கு ஒரு புள்ளி. எங்கே பிரேக் போட்டீர்கள் என்பதே தெரியாது. நொடிக்கு 10 அல்லது அதற்கு மேல் பதியும் தனி ஜிபிஎஸ் லாகர் வேண்டும். மூன்று கார்களை ஒப்பிட்டால் ஓட்டுநர் ஒருவரே இருக்கட்டும், கடைசியில் முதல் காரை மறுபடி ஓட்டுங்கள். காலைக்கும் மதியத்துக்கும் பாதை எவ்வளவு மாறியது என்பது அதில் தெரிந்துவிடும். பெட்ரோலும் சமமாக இருக்க வேண்டும்: 60 லிட்டர் ஏறக்குறைய 45 கிலோ. 20 நிமிட ஓட்டத்தில் 15 முதல் 20 லிட்டர் காலி.

சத்துவாச்சாரி: நம்ம ஊர் வெயில்ல பவர் குறையுமா?

குறையும். 40 டிகிரிக் காற்று, 15 டிகிரிக் காற்றைவிட 8 சதவீதம் அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத ஜிடி3-யும் ஹுராகானும் அதை நேரடியாக இழக்கும். டர்போ கார் கொஞ்சம் சமாளிக்கும். அக்னி நட்சத்திரத்தில் காலை எட்டு மணி ஓட்டத்தையே கேட்டு வாங்குங்கள்.

ஆம்பூர்: டிரைவிங் ஷூ செய்யலாம்னு இருக்கோம். என்ன பார்க்கணும்?

பாதத்தின் முன்பகுதியில் மெல்லிய ரப்பர் சோல், குதிகால் உருண்டையாக, பக்கவாட்டில் பிதுங்காத விளிம்பு. லெதர் சோல் வேண்டாம், உலோகப் பெடலில் வழுக்கும். மேலே ஸ்வேட் போதும். லேஸ் தொங்கினால் பெடலில் மாட்டும், மேலே ஒரு பட்டை வைத்து மூடிவிடுங்கள்.

வாலாஜா: ஒண்ணு மட்டும் எடுக்கணும்னா எது?

நாள் முழுக்க ஓட்ட ஜிடி3. ஐப்பசி மழையில் நனைந்த பாதை என்றால் நான்கு சக்கர இழுவையுள்ள ஜிடி-ஆர். ஹுராகான் இரண்டு சுற்றுக்கும் அந்த வி10 சத்தத்துக்கும்.

வாணியம்பாடி: ஓட்டிட்டு வந்தப்புறம் வீல் நட் பார்க்கணுமா?

சக்கரம் ஆறியபின் பாருங்கள். சூட்டோடு முறுக்கினால் அளவு தப்பும். ஜிடி3-யின் ஒற்றை மைய நட்டுக்கு 600 நியூட்டன் மீட்டர். தெருமுனைப் பஞ்சர் கடை ரெஞ்ச் அதற்கு எட்டாது, நீளமான டார்க் ரெஞ்சை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். அண்மைய ஐந்து போல்ட் 911 என்றால் 160 போதும்.