தானாகக் கலந்த தக்காளி: விதை எடுப்பதும் கொடுப்பதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டுத்தோட்டம் போடுபவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: லயத்து வேலியோரம் பெரிய தக்காளியும் செர்ரி தக்காளியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பெரியதன் விதையைப் போட்டேன். ஒரு செடியில் மட்டும் எலுமிச்சையைவிடச் சின்னப் பழம், கொத்துக்கொத்தாய். கலந்துவிட்டதா ஐயா?

பதில்: பெரும்பாலும் அப்படித்தான் அம்மா. தக்காளிப் பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனால் சில செடிகளில் சூல்முடி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனி, வெளியே நீட்டியிருக்கும். அங்கே வண்டோ தேனீயோ வந்தால் கலப்புதான். அப்படிக் கலந்த முதல் தலைமுறையில் பழம் சின்னப் பக்கமே சாயும்.

கேள்வி: பக்கத்தில் செர்ரி நிற்பதால் என் பெரிய செடியின் பழமே இந்த முறை சிறுத்துவிட்டதா?

பதில்: இல்லை. பழத்தின் சதை தாய்ச்செடியுடையது. கலப்பு விதைக்குள் இருக்கும். அதை முளைக்க வைத்தால்தான் தெரியும். உரம், தண்ணீரைப் பாருங்கள்.

கேள்வி: அந்தக் கலப்புச் செடியின் விதையைப் பத்து வீட்டுக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் அதே பழம் வருமா?

பதில்: வராது. ஆனாலும் கட்டாயம் கொடுங்கள், அக்கா. அந்த விதையில் முளைக்கும் இரண்டாம் தலைமுறையில் குணங்கள் பிரியும். பெற்றோரில் ஒன்று மஞ்சள், மற்றது சிவப்பு என்றால் சுமார் நாலில் ஒரு செடி மஞ்சளாய்க் காய்க்கும். அளவு, புளிப்பு, தோல் எல்லாம் இப்படித்தான் சிதறும். ஒரே வீட்டில் நாலு செடி வைத்தால் இது கண்ணில் படாமலே போகலாம். பத்து வீட்டில் வைத்தால் படும். நம் ஊர்ச் சூட்டில் பூ உதிராமல் காய்ப்பது, பாக்டீரியா வாடலில் எல்லாம் சாயும்போது நிற்பது, இந்த இரண்டையும்தான் நான் முதலில் பார்ப்பேன். ருசி அப்புறம். பிடித்த செடியின் விதையைத் தனியாக எடுங்கள், மற்றதோடு கொட்டிவிடாதீர்கள். ஆறு முதல் எட்டுத் தலைமுறை இப்படிப் பொறுக்கினால் குணம் நிலைக்கும். வருடத்துக்கு இரண்டு போகம் போட்டால் மூன்று, நாலு வருட வேலை.

கேள்வி: விதையை எப்படி எடுப்பது?

பதில்: நன்கு பழுத்ததைப் பிழிந்து, சாற்றோடு இரண்டு நாள் புளிக்க விடுங்கள். அலசி, பீங்கான் தட்டில் நிழலில் காயவைத்து, ஈரம் போகாத மழைக்காலம் என்றால் சிலிக்கா ஜெல்லோடு மைலோ டின்னில் மூடுங்கள். இலை தேமல் பிடித்துச் சுருண்ட செடியின் விதை வேண்டாம். தேமல் நோய் விதையோடும் போகும்.

கேள்வி: பொட்டலத்தில் என்ன எழுதுவது? ஒரு பெயர் வைக்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பெயர் வேண்டாம். பெயரைப் பார்த்தால் வாங்குபவர் ஒரே மாதிரிப் பழத்தை எதிர்பார்ப்பார். "கலப்பு, இரண்டாம் தலைமுறை. தாய் பெரிய சிவப்பு, தகப்பன் செர்ரியாக இருக்கலாம்" என்று எழுதி, விதை எடுத்த மாதத்தையும் போடுங்கள்.