பி படங்களின் இருட்டு: ஹாலிவுட் மலிவு மர்மப் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

‘பி படம்’ என்றால் இரண்டாந்தரப் படம் என்றுதானே பொருள்?

அது தரத்தின் பெயரல்ல, விற்ற முறையின் பெயர். 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கத் திரையரங்குகள் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டத் தொடங்கின. முதன்மைப் படத்துக்கு வசூலில் பங்கு. துணைப் படத்துக்கோ முன்பே நிர்ணயித்த வாடகை, அவ்வளவுதான். கொட்டகை நிரம்பி வழிந்தாலும் பி படத்துக்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாக வராது. வரவு முன்பே தெரிந்துவிடுவதால், லாபம் வேண்டுமென்றால் செலவில்தான் கை வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தை ஒட்டிய நீளம், நாலு அறைக்குள் நடக்கும் கதை, தொடர் நாயகர்கள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை.

இதிலும் இரண்டு சாதி உண்டு. ஆர்.கே.ஓ., ஃபாக்ஸ், கொலம்பியா, யுனிவர்சல் போன்ற ஸ்டுடியோக்களுக்குள்ளேயே இயங்கிய பி பிரிவுகள் ஒன்று. மோனோகிராம், பி.ஆர்.சி. மாதிரியான ‘பாவர்ட்டி ரோ’ (ஏழைத் தெரு) என்று அழைக்கப்பட்ட சிறு கம்பெனிகள் இன்னொன்று. முதல் வகைக்கு செட், விளக்கு, தேர்ந்த ஒளிப்பதிவாளர் எல்லாம் வீட்டிலேயே இருந்தன. இரண்டையும் ஒரே கூடையில் போட்டுப் பேசினால் எதுவும் புரியாது.

அண்ணா, காசு இல்லாததால்தான் இந்தப் படங்கள் இவ்வளவு இருட்டாக இருக்கின்றன என்று எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையா?

பாதிதான் உண்மை. அந்தப் பாதியையும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

உண்மையிலேயே பணமில்லாத படம் இருட்டாக இருக்காது, வெளிச்சமாக, தட்டையாக இருக்கும். செட்டின் மேலேயிருந்து ஒரே சீராக ஒளியைக் கொட்டிவிட்டால் நடிகர் எங்கே நின்றாலும் முகம் தெரியும். காட்சி மாறும்போது விளக்கை நகர்த்த வேண்டியதில்லை. சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளரை வைத்து மோனோகிராம் எடுத்த படங்களைப் பாருங்கள்: கொலை நடந்த வீடு பல் மருத்துவர் அறை போல இருக்கும்.

நிழல் வேண்டுமென்றால் வேலை அதிகம். ஒரே கடினமான ஒளி, அது சிந்தாமல் தடுக்கக் கறுப்புத் தட்டிகள், தரையில் குறித்த இடத்தில் அங்குலம் பிசகாமல் நிற்கும் நடிகர். ஒலிவாங்கித் தண்டின் நிழல் சுவரில் விழுந்தால் திரும்ப எடுக்க வேண்டும். அதனால்தான் அழகான இருட்டு பெரும்பாலும் அனுபவசாலிகளிடம் கிடைக்கிறது: ஆர்.கே.ஓ.வில் ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் முசுராகா, ஈகிள்-லயன் கம்பெனியில் ‘டி-மென்’ (1947) படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஜான் ஆல்டன். ஆல்டன் குறைந்த விளக்குகளை வைத்து வேகமாக முடிப்பவர். அங்கே மிச்சமானது விளக்கின் விலையல்ல, நேரம். பி படத்தில் நேரம்தான் பணம்.

இருட்டு காசை மிச்சப்படுத்திய இடம் வேறு: செட் இல்லாத மூலையை மறைப்பது.

செட்டை எங்கிருந்து எடுத்தார்கள்? ஒரு எடுத்துக்காட்டு சொல்லுங்கள்.

ஆர்.கே.ஓ. 1942இல் தயாரிப்பாளர் வால் லூட்டனுக்கு ஒரு பிரிவைக் கொடுத்தது. நிபந்தனை மூன்று: படத்துக்கு 1,50,000 டாலருக்குள் செலவு, 75 நிமிடத்துக்குள் நீளம், தலைப்பை நிர்வாகம் தரும். முதல் படம் ‘கேட் பீப்பிள்’. அதில் கதாநாயகி குடியிருக்கும் கட்டடத்தின் பெரிய மாடிப்படி, ஆர்சன் வெல்ஸின் ‘தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்துக்குப் பெருஞ்செலவில் கட்டியது. லூட்டனின் ‘தி கோஸ்ட் ஷிப்’ (1943) ஸ்டுடியோவில் ஏற்கெனவே நின்ற கப்பல் செட்டுக்காகவே எழுதப்பட்ட கதை. செட் முதலில், கதை பிறகு. சொந்த இடம் இல்லாத மெஜஸ்டிக் கம்பெனி ‘தி வேம்பயர் பேட்’ (1933) படத்துக்கு யுனிவர்சலின் திகில் பட செட்டுகளை வாடகைக்கு எடுத்து இரவில் படம் பிடித்தது.

‘டீட்டூர்’ ஆறே நாளில் எடுத்த படமாமே?

அது இயக்குநர் எட்கர் உல்மர் பின்னாளில் சொன்ன கதை. பதிவுகளைப் பார்த்தால் நாட்களும் அதைவிட அதிகம், செலவும் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. பி.ஆர்.சி.யின் அளவுக்கு அது பெரிய தொகை. ஆனாலும் சிக்கனத்தின் தடம் படம் முழுக்கத் தெரியும். நியூயார்க் தெரு வெறும் பனிமூட்டமும் ஒரு விளக்குக் கம்பமும்தான். நாயகன் கார்களில் இடம் கேட்டுப் போகும் சில காட்சிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பார், அமெரிக்காவில் இருக்க முடியாத காட்சி. நெகட்டிவை இடம் வலமாகத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள். கிழக்கிலிருந்து மேற்கே போகிறவன் வரைபடத்தில் போவதுபோலத் திரையிலும் வலமிருந்து இடமாகப் போக வேண்டுமே! நம்மூர்க்காரர்களுக்கு இது உறுத்தவே உறுத்தாது என்பது வேறு விஷயம்.

கறுப்பு வெள்ளையில் குறும்படம் எடுக்கிறேன். பகலில் எடுத்து இரவாகக் காட்டும் அந்தக் கால முறையை எப்படிச் செய்வது?

அவர்கள் லென்ஸுக்கு முன் சிவப்பு ஃபில்டர் போட்டார்கள். நீல வானத்தின் ஒளியை அது தடுப்பதால் வானம் கறுக்கும். அடர் சிவப்பான 25ஆம் எண் ஃபில்டர் ஒளியை எட்டில் ஒரு பங்காக்கும், அதாவது மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). அதை ஈடுகட்டிவிட்டு, அதற்கும் மேல் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுக்க வேண்டும். டிஜிட்டலில் ஃபில்டர் தேவையில்லை. வண்ணத்தில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பு சேனலைக் கூட்டி நீலத்தைக் குறையுங்கள்.

சொதப்பும் இடங்கள்: மேகம் மூடிய வானம் எந்த ஃபில்டருக்கும் கறுக்காது, அதைச் சட்டகத்துக்குள் விடாதீர்கள். சூரியன் நடிகரின் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், நேர் எதிரே இருந்தால் பகல் பகலாகவே தெரியும். சிவப்பு உதட்டுச் சாயம் வெளுத்துவிடும், பழுப்பில் மாற்றுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். கார் விளக்கும் சன்னல் விளக்கும் பகலில் எடுபடாது. இரவுக்காட்சியில் அவை அணைந்து கிடந்தால் பார்ப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ரயில் பெட்டிக் காட்சி உண்டு. பெட்டியை ஆட்டுவதற்கு வழியில்லையே?

ஆட்டவே வேண்டாம். ரிச்சர்ட் ஃப்ளைஷர் ‘தி நேரோ மார்ஜின்’ படத்தை ஏறக்குறைய முழுவதும் ரயிலுக்குள் வைத்து 13 நாளில் முடித்தார். செட் தரையோடு அசையாமல் நின்றது, அசைந்தது கேமராதான். கையில் பிடித்த கேமரா என்பதால் குறுகிய நடைவழியிலும் நுழைய முடிந்தது. பின்னணி இசையும் இல்லை. சக்கரச் சத்தமும் ஊதலுமே அந்த வேலையைப் பார்க்கின்றன.

நீங்கள் செய்யும்போது கேமராவை இடவலமாக மெல்ல அசையுங்கள், நடுக்காதீர்கள். நடுக்கினால் ரயில் தெரியாது, கைதான் தெரியும். கேமரா மட்டும் ஆடி நடிகர் கல்லாக நின்றால் குட்டு வெளிப்படும். அவரும் தோளைச் சற்றே விட வேண்டும். தொங்கும் கோட்டு, கோப்பைத் தண்ணீர் போல ஏதாவது ஒன்று சட்டகத்துக்குள் அசையட்டும். சன்னலுக்கு வெளியே ஒரு விளக்கை ஒரே திசையில் திரும்பத் திரும்பக் கடத்துங்கள்.

சார்லி சான் படங்களை எந்த வரிசையில் பார்க்கலாம்?

வார்னர் ஓலண்ட் நடித்தவற்றிலிருந்து. அவர் 1938இல் இறந்த பிறகு சிட்னி டோலர் வந்தார். ஃபாக்ஸ் 1942இல் தொடரைக் கைவிட்டதும் டோலரே உரிமையை வாங்கி மோனோகிராமுக்குக் கொண்டுபோனார்; 1944 முதல் அங்கே 11 படங்கள். அவருக்குப் பின் ரோலண்ட் விண்டர்ஸ் ஆறு படங்கள், 1949இல் தொடர் முடிந்தது. ஃபாக்ஸ் காலப் படங்கள் போதும். சீனத் துப்பறிவாளராக வந்த மூவருமே வெள்ளையர்கள். மகன்களாக வந்த கீ லூக், சென் யுங் போன்றோர்தான் சீன வம்சாவளியினர். அந்த உறுத்தலோடுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியில் குற்றவாளி ஏன் எப்போதும் மாட்டிக்கொள்கிறான்?

1934 முதல் தணிக்கை நெறி கண்டிப்பாக அமலானது. குற்றம் தண்டனையின்றிப் போகக்கூடாது. ‘டீட்டூர்’ கடைசியில் போலீஸ் கார் வந்து நிற்பது அதனால்தான்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை மங்கலாக இருக்கின்றன. வெட்டாத பிரதி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அக்கால அமெரிக்கச் சட்டப்படி 28ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பிக்காவிட்டால் படம் பொதுவுடைமை. ‘டீட்டூர்’ அப்படிப்பட்டது. அதனால் தொலைக்காட்சிக்காக எடுத்த 16 மி.மீ. பிரதியின் நகலுக்கு நகல் எல்லாம் சுற்றுகிறது. நிழல் இருக்க வேண்டிய இடம் மைக்கறையாக இருந்தால் அது அந்த ரகம்.

நீளத்தைச் சரிபாருங்கள்: ‘டீட்டூர்’ 68 நிமிடம், ‘தி நேரோ மார்ஜின்’ 71, ‘ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி தேர்டு ஃப்ளோர்’ 64. ஆனால் ஐரோப்பிய வீடியோவில் நொடிக்கு 24 சட்டகத்தை 25ஆக ஓட்டுவார்கள். 68 நிமிடம் 65 நிமிடம் 17 நொடியாகும், குரலும் சற்றே கீச்சென்று ஏறும். அது வெட்டு அல்ல. ‘டீட்டூர்’ 2018இல் சீரமைக்கப்பட்டது, அந்தப் பிரதி கிடைத்தால் மற்றதைத் தொடாதீர்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்றே படம்?

‘தி செவன்த் விக்டிம்’ (1943), ஜோசப் எச். லூயிஸின் ‘மை நேம் இஸ் ஜூலியா ராஸ்’ (1945), ‘தி நேரோ மார்ஜின்’ (1952). மோனோகிராமில் தொடங்க வேண்டாம்.

இவை ஏன் நின்றுபோயின?

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெரிய ஸ்டுடியோக்களின் கொத்து விற்பனையை (நல்ல படம் வேண்டுமென்றால் மற்றவற்றையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்ற முறையை) தடுத்தது, திரையரங்குகளையும் அவை பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஓட இடம் உறுதி என்ற நிலை போனதும் நிர்ணயித்த வாடகைக் கணக்கு உடைந்தது. அதே ஒரு மணி நேரத் துப்பறியும் கதையைத் தொலைக்காட்சி வீட்டுக்கே கொண்டுவந்தது. மோனோகிராம் 1953இல் அல்லைடு ஆர்ட்டிஸ்ட்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு பெரிய படங்கள் பக்கம் போனது.