திருப்புதல் காலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அறிவியல் பாடங்களை நான்கு முறை படித்துவிட்டேன். புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. வினாத்தாளைக் கையில் வாங்கியதும் பாதி வரமாட்டேன் என்கிறது. எனக்கு ஞாபகசக்தி குறைவா?

பதில்: ஞாபகசக்திக்கு ஒன்றும் இல்லை. பக்கத்தைப் பார்த்து 'இது தெரியும்' என்று உணர்வது வேறு, பக்கமே இல்லாமல் அதை எழுதுவது வேறு. தேர்வில் கேட்பது இரண்டாவதை. நான்கு முறையும் நீங்கள் பழகியது முதலாவதை.

ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்துவிட்டு மறுபடியும் படித்தார்கள்; வேறொரு பத்தியை ஒரு முறை படித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மறுபடி படித்த பத்திதான் நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களிடம் இது தலைகீழானது: எழுதிப் பார்த்த பத்தியில் சுமார் 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி படித்ததில் சுமார் 42. படித்த உடனே 'தெரிந்துவிட்டது' என்று தோன்றுவதை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு தலைப்பை 20 நிமிடம் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் 10 நிமிடம் வரையறை, படம், சமன்பாடு என நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் சேருங்கள். உங்களுக்குத் தெரியாதது எது என்பதை அந்தச் சிவப்பு எழுத்து காட்டிவிடும். அடுத்த முறை அங்கிருந்து தொடங்குங்கள். பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: அரை நிமிடம் வரவில்லை என்றதும் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிடுகிறார்கள். திணறினாலும் இரண்டு நிமிடமாவது யோசியுங்கள். அந்த முயற்சியில்தான் நினைவு வலுப்படுகிறது. ஹைலைட்டரால் பக்கம் முழுக்க மஞ்சள் தீட்டுவது இந்த வேலையைச் செய்யாது.

கேள்வி: தேர்வுக்கு எட்டு வாரம் இருக்கிறது. ஒரு பாடத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாமா?

பதில்: வேண்டாம். முதல் வாரம் முடித்த பாடம் எட்டாவது வாரத்தில் புதிதாகத் தெரியும். படித்தது முதல் சில நாட்களில்தான் வேகமாக மறக்கும் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885லேயே அளந்து எழுதிவிட்டார். அதனால் ஒவ்வொரு தலைப்பையும் இடைவெளி விட்டுத் தொடுங்கள்: படித்த மறுநாள், பிறகு நான்காம் நாள், பத்தாம் நாள், அதன்பின் மூன்று வாரம் கழித்து. இந்த எண்களைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. இடைவெளி கூடிக்கொண்டே போக வேண்டும், அதுதான் முக்கியம். ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் பாராமல் எழுதினால் போதும், முழுப்பாடத்தையும் திரும்பப் படிக்க வேண்டாம்.

ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று பாடம் வையுங்கள். வாரத்தில் அரைநாளைக் காலியாக விடுங்கள். காய்ச்சலோ விருந்தாளியோ வந்தால் தள்ளிப்போனதை அங்கே முடிக்கலாம். மூச்சுவிட இடமில்லாத அட்டவணை மூன்றாம் நாளே உடையும், பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

கேள்வி: கணக்குப் பயிற்சியில் எல்லாமே சரியாக வருகிறது. தேர்வில் எந்தச் சூத்திரம் என்றே தெரியாமல் நிற்கிறேன்.

பதில்: பயிற்சியின் தலைப்பே சூத்திரத்தைச் சொல்லிவிடுகிறது. 'இருபடிச் சமன்பாடு' என்ற பயிற்சியில் இருபது கணக்கும் அதே வகைதான். எந்த முறை என்று முடிவெடுக்கும் வேலையே அங்கே இல்லை. ரோரர், டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைக் கணக்குகளைத் தொடர்ந்து போட்டவர்கள் பயிற்சியில் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வந்த தேர்வில் 20 சதவீதம்தான். கலந்து போட்டவர்கள் பயிற்சியில் 60, தேர்வில் 63.

புது முறையைக் கற்கும்போது ஒரே வகையில் ஐந்தாறு கணக்கு போடலாம். அதற்குப் பின் நான்கு அலகுகளிலிருந்து மும்மூன்று எடுத்து, வரிசையைக் கலைத்து 12 கணக்கு போடுங்கள். தொடங்குமுன், எந்த முறை, ஏன் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். தவறுகள் கூடத்தான் செய்யும். பயப்படாதீர்கள்.

கேள்வி: எவ்வளவு படித்தாலும் 85ஐத் தாண்டவில்லை. 95க்கு மேல் எடுப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

பதில்: இந்த நிலையில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படிப்பது பெரும்பாலும் உதவாது. கடைசி மூன்று விடைத்தாள்களை எடுத்து, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணின் பக்கத்திலும் காரணம் எழுதுங்கள்: பாடமே தெரியவில்லை, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், தெரிந்ததை அரைகுறையாக எழுதினேன், கவனப்பிழை, நேரம் போதவில்லை. 85ல் நிற்பவர்கள் பலருக்கு இரண்டாவதும் மூன்றாவதும்தான் அதிகம் வரும்.

கேள்வியின் ஏவல் சொல்லுக்கு முதலில் அடிக்கோடிடுங்கள். 'ஒப்பிடுக' என்றால் இரண்டு பொருளையும் தனித்தனிப் பத்தியில் வர்ணிப்பதல்ல. ஒவ்வொரு பண்பிலும் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'காரணம் கூறுக' என்றால் காரணச் சங்கிலி முழுதும் வேண்டும். காற்று வீசும்போது ஈரத்துணி ஏன் சீக்கிரம் காய்கிறது? 'ஆவியாதல் அதிகம்' என்று நிறுத்தினால் பாதிப் பதில். துணியை ஒட்டியிருக்கும் ஈரப்பதம் மிகுந்த காற்றை வீசும் காற்று அகற்றுகிறது, அங்கே உலர்ந்த காற்று வருகிறது, அதனால் ஆவியாதல் வேகம் கூடுகிறது என்று எழுதினால் சங்கிலி முழுமை. அலகு எழுதாதது, வரைபட அச்சுக்குப் பெயரிடாதது, கேட்ட தசம இடத்துக்குத் திருத்தாதது எல்லாம் ஒவ்வொரு மதிப்பெண்ணாகப் போகும். அந்த ஒவ்வொன்றும் சேர்ந்துதான் பத்து மதிப்பெண் ஆகிறது.

கேள்வி: பழைய வினாத்தாள்களை எப்போது எடுப்பது?

பதில்: தொடக்கத்தில் தலைப்புவாரியாகக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நான்கு வாரத்துக்கென்று ஒவ்வொரு பாடத்திலும் மூன்று, நான்கு முழு வினாத்தாள்களைத் தொடாமல் வையுங்கள். கடிகாரம் வைத்து, இடையில் எழாமல், நோட்டைப் பார்க்காமல் எழுதுங்கள். எழுதிய நேரத்தில் பாதியாவது திருத்தவும் செலவிடுங்கள். வெளியான விடைக்குறிப்பு இருந்தால், உங்கள் பதிலில் எந்த வரி எந்த மதிப்பெண்ணைப் பெற்றது என்று குறியிடுங்கள். விடைக்குறிப்பை மனப்பாடம் செய்வது வீண். கேள்வி சற்றுத் திரும்பினாலே கைவிட்டுவிடும்.

நேரக் கணக்கையும் இப்போதே பழகுங்கள். 180 நிமிடம், 100 மதிப்பெண் என்றால் வாசிக்க 10, சரிபார்க்க 15 நிமிடம் ஒதுக்கிய பின் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கும். ஐந்து மதிப்பெண் வினா எட்டு நிமிடத்தைத் தாண்டினால் இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கேள்வி: என் மகளின் பாடங்கள் எனக்குப் புரிவதில்லை. நான் எப்படி உதவ முடியும்?

பதில்: புரியாததே நல்லது. புத்தகத்தை நீங்கள் வைத்துக்கொண்டு, அவள் பாராமல் உங்களுக்கு விளக்கட்டும். எங்கே புரியவில்லையோ அங்கே "ஏன்?" என்று கேளுங்கள். அவள் தயங்கும் இடம்தான் மறுபடி பார்க்க வேண்டிய இடம். வரிக்கு வரி ஒப்பிக்கிறாள் என்றால், சொந்தமாக ஓர் உதாரணம் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: தேர்வுக்கு முந்தின இரவு விழித்துப் படிக்கலாமா?

பதில்: கூடாது. பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் படித்தது நினைவில் நிலைபெறுவதும் தூக்கத்தில்தான். அன்று மாலை சூத்திரங்களையும் முக்கியப் படங்களையும் ஒரு முறை பாராமல் எழுதிப் பாருங்கள். தொடாத பாடம் இருந்தால், அதில் அடிக்கடி வரும் ஓரிரு வினாக்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுங்கள். பேனா, அளவுகோல், நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் பையில் வைத்துவிட்டு, போனை வேறு அறையில் விட்டுத் தூங்குங்கள்.