வேலைக்கு முன்னால் வந்து நிற்கும் கல்விக் கடன் தவணை

கேள்வி: பி.இ. முடித்துப் பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் வேலை கிடைக்கவில்லை. அரசு வங்கி ஒன்றில் வருடத்துக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்கியிருந்தேன். இப்போது 5.40 லட்சம் பாக்கி, இன்னும் ஒரு மாதத்தில் தவணை ஆரம்பிக்கும் என்று போன் செய்கிறார்கள். அப்பா வேன் டிரைவர். கடனில் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 20,000 ரூபாய் கொடுத்தால் பாதிப் பணத்தில் கடனை முடித்துத் தருவதாக ஒருவர் சொல்லி, எங்கள் ஆதார், பான் நகல்களை வாங்கிப் போயிருக்கிறார். அவரை நம்பலாமா?

- வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற வங்கிக் கிளை மேலாளர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது, தம்பி. அந்த 20,000 ரூபாய் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

பாதிப் பணத்தில் முடிப்பது என்ற சலுகையை வங்கி எல்லாக் கடனுக்கும் கொடுப்பதில்லை. தவணை 90 நாளுக்கு மேல் நின்று, வாராக்கடன் என்று முத்திரை விழுந்த பிறகுதான் அந்தப் பேச்சே எழும். உங்கள் கடனில் முதல் தவணையே இன்னும் வரவில்லை. ஆக, அந்த ஆள் அடுத்து என்ன சொல்வார் தெரியுமா? 'ஒரு வருடம் எதுவும் கட்டாதீர்கள், போன் வந்தால் எடுக்காதீர்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பார். கடனைக் கெடுப்பதுதான் அவர் தொழில். கெட்ட பிறகு நீங்கள் பாதி கட்டி முடித்தாலும், கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகிவிடும். முழுதாகக் கட்டி முடித்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடன் கேட்கும்போது தெரியும். அப்பாவும் கையெழுத்துப் போட்டிருப்பதால் அவர் பெயரிலும் அது ஏறும். வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கு அடுத்த வண்டிக் கடன் கிடைக்காமல் போனால் என்ன ஆகும், யோசியுங்கள். நியாயமான சமரசம் என்றால் கிளையிலேயே எழுதிக் கொடுக்கலாம், லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்துக்கும் போகலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. நான் வேலை பார்த்த ஒரு கிளைக்கு எதிரே இருந்த டீக்கடையில் இதே தொழிலோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். 'மேனேஜர் நம்ம ஆள்' என்று சொல்லியே வசூலிப்பார். அந்த மேனேஜராகிய நான் அவரோடு ஒரு டீ கூடக் குடித்ததில்லை.

அடுத்து, 4 லட்சம் எப்படி 5.40 ஆனது? வங்கி உங்களை ஏமாற்றவில்லை. வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஒரு வருடத்திலும் தனிவட்டிதான். முதல் வருடம் வாங்கிய லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. கூட்டினால் 1.40 லட்சம். இனி இதையும் அசலோடு சேர்த்துத்தான் தவணை போடுவார்கள்.

ஆனால் இந்த 1.40 லட்சத்தை நீங்கள்தான் கட்ட வேண்டுமா? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பெற்றோர் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், பி.இ. போன்ற தொழிற்கல்வி படிப்பவர்களுக்குப் படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் சேரும் வட்டியை மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து இருக்கிறது. வேன் டிரைவர் வருமானம் என்றால் பெரும்பாலும் அதற்குள்தான் வரும். கல்லூரிக்கோ பாடப்பிரிவுக்கோ தர அங்கீகாரம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. கடன் வாங்கியபோது வருமானச் சான்றிதழ் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால், மானியம் கோரும் விவரத்தைக் கிளைதான் ஏற்றி அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்பது கடன் ஸ்டேட்மென்ட்டில் தெரிந்துவிடும்: மானியம் வரவு வைத்திருந்தால் வட்டி ஏறிய அளவுக்கு ஒரு கழிவும் இருக்கும். இல்லையென்றால், 'கோரிக்கை அனுப்பப்பட்டதா, இல்லையென்றால் ஏன்' என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் 'மேலிடத்திலிருந்து வரவில்லை' என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள். இருக்கிற இரண்டு எழுத்தருக்கு இன்சூரன்ஸ் விற்கும் இலக்கும் தலையில் இருக்கும்போது, மானியப் பட்டியல் மேசையின் அடியில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதற்குத் தண்டம் கட்டுவது என்னவோ வேன் டிரைவரின் பிள்ளை.

இனி தவணை. 'வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும்' என்பது ஊரில் உலவும் பேச்சு. இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த இப்போதைய மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி படிப்பு முடிந்து ஒரு வருடம்தான் அவகாசம், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். ஆனால் அதே திட்டத்தில், வேலையில்லாத காலத்தைக் கணக்கில் எடுத்து ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஆறு மாதம் வரை தவணையைத் தள்ளிவைக்க இடம் இருக்கிறது. கடன் முடிவதற்குள் இரண்டு மூன்று தடவை கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. கேட்காதவருக்கு மட்டும் நிச்சயம் கிடைக்காது.

அதனால் இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். படிப்பு முடித்த தேதி, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, விண்ணப்பித்த இடங்கள், அப்பாவின் வருமானம் எல்லாம் அதில் இருக்கட்டும். ஆறு மாதம் தள்ளிவைக்கவும், அதன்பின் குறைந்த தொகையில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறும் தவணையாக மாற்றவும் கேளுங்கள். நகலில் கிளை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மாட்டேன் என்றால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தள்ளிவைக்கும் மாதங்களுக்கும் வட்டி ஓடும், உங்கள் பாக்கிக்கு மாதம் சுமார் 4,500 ரூபாய். திருப்பிக் கட்டும் காலம் 15 வருடம் வரை கிடைக்கும் என்பதற்காக அதையே கேட்டுவிடாதீர்கள். அதே 10 சதவீதத்தில் 5.40 லட்சத்துக்கு 10 வருடம் என்றால் தவணை சுமார் 7,140 ரூபாய், 15 வருடம் என்றால் சுமார் 5,800. மாதத்துக்கு 1,340 குறைகிறதே என்று தோன்றும். மொத்தத்தில் கிட்டத்தட்ட 1.88 லட்சம் அதிகம் கட்டுவீர்கள்.

போன் நம்பரை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் கிளையில் சொல்லுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது, உறவினரை அழைத்து அவமானப்படுத்தவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினாலோ, உங்கள் கடிதத்துக்குப் பதில் வராவிட்டாலோ முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் புகார் தரலாம். அதற்கும் கட்டணம் இல்லை. 'புகார் எழுதித் தருகிறேன்' என்று அதற்கும் ஒருவர் கிளம்பி வருவார், பாருங்கள்.

கடைசியாக, அந்த ஆதார், பான் நகல்கள். சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அப்பா பெயரில் ஒன்று, உங்கள் பெயரில் ஒன்று எடுத்து, நீங்கள் வாங்காத கடன் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தில் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். அந்த ஆள் ஓ.டி.பி. கேட்டுப் போன் செய்தால், 'கிளையில் வைத்துச் சொல்கிறேன், நேரில் வாருங்கள்' என்று கூப்பிடுங்கள். வரமாட்டார்.