பைபர் பாடி கேள்வி-பதில்: மலைக் குளிர்ல ரெசின் ஏன் மக்கர் பண்ணுது?

பைபர் பாடின்னா கண்ணாடி நார் மேட்ட (பாய் மாதிரி நார் விரிப்பு) பாலியஸ்டர் ரெசின்ல ஊற வச்சு கெட்டியாக்கின வண்டி பாடி; ரெசின கெட்டியாக்குறது அதுல கலக்குற கேட்டலிஸ்ட். இந்த தடவை வந்த கேள்வி பெரும்பாலும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் தான். படிச்சு பாத்தா பாதிக்கு பாதி ஒரே கேள்வி, கேக்குற ஆள் தான் வேற. கோயம்புத்தூர் போய் ரெசின் வாங்குறாங்க, கடைக்காரர் அங்க அடிக்கிற வெயிலுக்கு ஒரு கேட்டலிஸ்ட் அளவு சொல்றாரு, அத அப்படியே மேல கொண்டு வந்து கலக்கிட்டு செட் ஆகலன்னதும் ரெசின் டூப்ளிகேட்னு திட்டுறாங்க. ரெசின் நல்ல ரெசின் தாங்க, சூடு தான் பத்தல. யார் பேரும் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

ஊட்டி: அண்ணா, பழைய பீட்டில் கார் சேஸிஸ் மேல பக்கி (திறந்த குட்டி கார்) பைபர் பாடி ஏத்தி வச்சிருக்கேன். முன் மட்கார்டு கிழிஞ்ச இடத்துல மேட் வச்சு ரெசின் அடிச்சேன், ரெண்டு நாள் ஆச்சு, இன்னும் பிசுபிசுன்னு இருக்கு. மேல கொஞ்சம் கேட்டலிஸ்ட் தடவி விடலாமா?

தடவாதீங்க தம்பி, ஒரு பிரயோஜனமும் இல்ல, கண்ணுல தெறிச்சா தான் மிச்சம். முதல்ல அது எந்த பிசுபிசுப்புன்னு பாருங்க. துணில கொஞ்சம் அசிட்டோன் தொட்டு மேல துடைச்சிட்டு நகத்தால அழுத்துங்க. கீழ கல்லு மாதிரி கெட்டியா இருந்தா பிரச்சனையே இல்ல, பாலியஸ்டர் ரெசின் காத்து படுற மேல்தோல்ல மட்டும் கொஞ்சம் ஒட்டிட்டே தான் இருக்கும், அதோட குணம் அது, தேச்சுட்டு அடுத்த வேலைய பாக்கலாம். நகம் உள்ள இறங்குதுன்னா தான் ரெசின் வேகலன்னு அர்த்தம்.

ஊட்டி கிட்டத்தட்ட 2240 மீட்டர் உயரம், ஜனவரில புல்லு மேல வெள்ளையா உறைபனி விழுற ஊரு. இந்த ரெசினுக்கு 18ல இருந்து 25 டிகிரி வேணும், 15க்கு கீழ போனா ரொம்ப மெதுவாகிடும், சில நேரம் பாதிலயே நின்னுடும். கேட்டலிஸ்ட், அதாவது எம்.இ.கே.பி., ஒரு கிலோ ரெசினுக்கு 10ல இருந்து 20 கிராம், அவ்ளோ தான், கண் அளவு வேண்டாம், தராசு இல்லனா சிரிஞ்சு வச்சுக்கோங்க. குளிருக்கு ஈடு கட்டுறேன்னு மடமடன்னு ஊத்துனா, வேலை செய்யாத மிச்ச கேட்டலிஸ்ட் உள்ளயே தங்கி லேயர் தொளதொளன்னு ஆகும், இல்லனா வேகமா சூடேறி வெடிப்பு விடும். அளவ ஏத்தாம சூட்ட ஏத்துங்க. ரெசின் டப்பாவ கலக்குறதுக்கு முன்னாடி மிதமான சுடுதண்ணி பக்கெட்ல கொஞ்ச நேரம் உக்கார வைங்க, ஒட்ட போற இடத்தையும் ஹேர் டிரையர்ல வெதுவெதுப்பாக்கிக்கோங்க, ஒட்டி முடிச்சதும் தார்பாய கூடாரம் மாதிரி போட்டு உள்ள ஹாலஜன் லைட்ட கொஞ்சம் தள்ளி எரிய விடுங்க. ஆனா ஈர ரெசின் வாசனை கூடாரத்துக்குள்ள அடைபட்டு இருக்கும்போது லைட் போடாதீங்க, அது நல்லா ஜெல்லாகி வாசனை வெளிய போனப்புறம் தான். இன்னொன்னு, ஒரே ஒரு மெல்லிசு லேயர் தன்னோட சூட்ட தானே காத்துல விட்டுடும், ரெண்டு மூணு லேயர ஈரத்தோட ஈரமா ஒரே மூச்சுல போட்டா உள்ள பிறக்குற சூடே அத வேக வச்சிடும்.

ஊட்டி பக்கம் நிறைய வீட்டுல ஷெட்ல குமுட்டி அடுப்பு வைப்பாங்க. ரெசின் வேலை நடக்குற இடத்துல நெருப்பே ஆகாது. அசிட்டோன் ஆவி அந்த குளிர்லயும் பத்தும், கரி அடுப்பு புகை மூடின ரூம்ல ஆளையே முடிச்சிடும்.

ரெசின் செட் ஆகுறத வேகப்படுத்துற கோபால்ட்ட தனி பாட்டில்ல குடுத்திருந்தா ரெசின்ல முதல்ல கோபால்ட் ஊத்தி நல்லா கலக்குங்க, அப்புறம் தான் எம்.இ.கே.பி. இந்த ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு நேரா சேக்கவே கூடாது, குபீர்னு தீ பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே ஸ்பூன ரெண்டு பாட்டில்லயும் விடுறது, ரெண்டையும் ஒரே கூடைல கவுத்து வைக்கிறது, எதுவும் வேண்டாம்.

இப்ப ஒட்டினத காப்பாத்த முடியுமான்னா, ஒரு மதியம் முழுக்க அந்த இடத்த லைட் வச்சு கை பொறுக்குற சூட்டுல வச்சு பாருங்க, பல தடவை பொழச்சுக்கும். அப்பவும் நகம் இறங்குச்சுன்னா சுரண்டி எடுத்துட்டு புதுசா போடுங்க, அது மேலயே இன்னொரு லேயர் போட்டு மூடுறது மட்டும் வேண்டாம்.

குன்னூர்: மேட் மேல ரெசின் எவ்ளோ அடிச்சாலும் அங்கங்க வெள்ளை வெள்ளையா நிக்குது சார், ரோலர் போட்டும் போகல.

ஐப்பசி கார்த்திகைல ஒட்டினீங்களா? உங்க ஊர்ல அப்ப தான் மழையும் மஞ்சும். கண்ணாடி நார் மேட் காத்துல இருக்குற ஈரத்த பிடிச்சுக்கும், ஈர நார்ல ரெசின் ஊறாது. ரோல பாலிதீன்ல சுத்தி வீட்டுக்குள்ள வைங்க, வெட்டின துண்டுகள ஒட்டுறதுக்கு முன்னாடி பல்பு சூட்டுல நல்லா காய விடுங்க. வாசல்ல மஞ்சு எறங்குற நாள் மேட் வேலைக்கு லீவு விட்டுட்டு தேய்க்கிற வேலைய பாருங்க. வெள்ளையா நிக்கிறத அப்படியே விட்டா அங்க தான் முதல்ல பிரியும், காசு வச்சு தட்டி பாருங்க, நல்ல இடம் டிக்குன்னும் பிரிஞ்ச இடம் டொக்குன்னும் கேக்கும், டொக்குன்னு கேக்குறத எல்லாம் வெட்டி எடுத்துடுங்க.

கொடைக்கானல்: எங்க அப்பா காலத்து சிப்பானி டால்பின் இருக்கு. பானட் கீல் பக்கமும் கதவு கிட்டயும் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. பெயின்டர் பட்டி பாத்து அடிச்சு குடுத்தாரு, ஆறு மாசத்துல அதே கோடு திரும்பி வந்துடுச்சு.

டால்பின வச்சிருக்கீங்களே, முதல்ல அதுக்கு ஒரு சல்யூட். 80கள்ல பெங்களூர்ல செஞ்ச வண்டி, இங்கிலாந்து ரிலையன்ட் கிட்டன மூலமா வச்சு வந்தது, முழு பைபர் பாடி, துருங்குற பேச்சே கிடையாது. அப்புறம் 90கள் கடைசில வந்த சான் ஸ்டார்மும் பைபர் தான். இந்த ரெண்டையும் தகரம் தட்டுற டிங்கர் கிட்ட விட்டா அவர் தகரத்துக்கு பண்ற வைத்தியத்த பண்ணுவாரு, தப்பு அவர் மேல இல்ல, அவருக்கு பழகின பொருள் அது.

அந்த கோடு ஜெல்கோட்ல, அதாவது பாடியோட வழவழப்பான வெளி ரெசின் தோல்ல தெரியுது, ஆனா வியாதி பின்பக்கம். கீல் போல்ட் இருக்குற இடத்துல பாடி மெல்லிசா இருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வளையுது, பத்தலகுண்டு ரோட்டுல வளைவுக்கு வளைவு குலுங்கி ஏறி இறங்குற வண்டி வேற. மேல இருக்குற ஜெல்கோட்டுக்கு வளைய தெரியாது, வெடிச்சிடுது. அதனால முதல்ல உள்பக்கம் போங்க. கிரீஸ், பழைய பெயின்ட் எல்லாம் போக 40 இல்லனா 60 நம்பர் எமரில தேச்சு நார் தெரியுற வரைக்கும் கொண்டு வாங்க, அசிட்டோன் போட்டு துடைங்க, ரெண்டு லேயர் 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட் போடுங்க, வெடிப்ப விட நல்லா அகலமா. போல்ட் இருக்குற இடத்துல சின்ன வாஷர தூக்கி போட்டுட்டு உள்ளங்கை அகல தகட்ட ஓட்டை போட்டு பின்னாடி வைங்க, பாரம் பரவும். போல்ட்ட வெறி புடிச்ச மாதிரி முறுக்காதீங்க, பைபர் நசுங்கும். இது முடிஞ்சப்புறம் தான் முன்பக்கம்: ஒவ்வொரு கோட்டையும் வி வடிவத்துல கீறி ஜெல்கோட்ட தாண்டி நார் வரைக்கும் திறந்து, ஜெல்கோட் இல்லனா நார் கலந்த பட்டிய வச்சு நிரப்புங்க. வெறும் பட்டிய கோடு மேல இழுத்து விட்டா இன்னொரு ஆறு மாசத்துல எனக்கு இதே கேள்விய அனுப்புவீங்க.

ஆங், பழைய பெயின்ட்ட எடுக்க பெயின்ட் ரிமூவர் தடவாதீங்க. தகரத்துக்கு ஓகே, பைபர்ல அது ஜெல்கோட்டையும் சேத்து தின்னுடும். தேச்சு தான் எடுக்கணும், கை வலிக்கும், வேற வழி இல்ல.

கோத்தகிரி: ஏனுங்ணா, ஸ்டோர்ல மரம் விழுந்து பக்கவாட்டு பேனல்ல தேங்கா சைசுக்கு ஓட்டை. எம்-சீல் வச்சு அடைச்சுட்டு மேல மேட் போட்டா நிக்குங்ளா?

நிக்காதுங்க. எம்-சீல் எபாக்சிங்குற வேற வகை ரெசின், அது பைபர் மேல நல்லா ஒட்டும், ஆனா எபாக்சி மேல பாலியஸ்டர் ரெசின் சரியா பிடிக்காது, உரிச்சா உரிஞ்சு வந்துடும். தேங்கா சைஸ் ஓட்டைய அடைக்கவும் கூடாது, கட்டணும். கிழிசல் ஓரத்த எல்லாம் வெட்டி வட்டமாக்குங்க. உள்பக்கமிருந்து ஓரத்த சரிவா தேய்ங்க, தடிமனுக்கு 12 மடங்கு அகலம்னு கணக்கு, 3 மில்லிமீட்டர் பாடின்னா சுத்தி நாலு சென்டிமீட்டர் சரிவு. வெளிப்பக்கம் ஒரு மெல்லிசு லேமினேட் ஷீட்ல பிரவுன் பேக்கிங் டேப் ஒட்டி, வேக்ஸ் பாலிஷ் தடவி, பாடி வளைவுக்கு வளைச்சு டேப்பால இறுக்கி கட்டுங்க, அது தான் உங்க மோல்ட். இப்ப உள்ள இருந்து 450 மேட், ஒவ்வொன்னும் சுமாரா ஒரு மில்லிமீட்டர் குடுக்கும், முதல் துண்டு சின்னதா, அடுத்தது பெருசா. ஒரு கிலோ மேட்டுக்கு ரெண்டுல இருந்து ரெண்டரை கிலோ ரெசின். பிரஷ்ஷ இழுக்காம குத்தி குத்தி வைங்க, காத்து குமிழி வெளிய வரணும். ஷீட்ட உரிச்சா வெளிப்பக்கம் பாதி வேலை முடிஞ்சிருக்கும்.

லவ்டேல்: டிசம்பர்ல ஷெட்லயே வேலை பாத்து கருப்பு கலர் அடிச்சேன், கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஏப்ரல்ல மேட்டுப்பாளையம் போய் ஒரு கல்யாணத்துக்கு வெயில்ல நிறுத்துனேன், சாயந்திரம் பாத்தா பெயின்ட்டுக்கு அடியில நார் நாரா பாய் டிசைன் தெரியுது. பெயின்ட் மோசமா?

பெயின்ட் மேல பழி போடாதீங்க. மலைல வேலை பாக்குற எல்லாருக்கும் நான் சொல்ல நினைக்கிற விஷயமே இது தான். குளிர்ல ஒட்டின லேயர் தொட்டா கெட்டியா தான் இருக்கும், தேய்க்கலாம், பெயின்ட் அடிக்கலாம், ஆனா உள்ள முழுசா வெந்திருக்காது. அது வாழ்க்கைல பாத்த முதல் நிஜ வெயில் மேட்டுப்பாளையம் வெயில், அதுவும் கருப்பு கலர், பானட் தொட முடியாத அளவுக்கு கொதிக்கும். அந்த சூட்டுல மிச்சம் வேக வேண்டியது வெந்து ரெசின் இன்னும் கொஞ்சம் சுருங்குது, நார் சுருங்காது, அதனால நாரோட அச்சு மேல எழும்பி வந்துடுது.

அதனால வண்டி வாழ்நாள்ல பாக்க போற சூட்ட பெயின்ட்டுக்கு முன்னாடியே காட்டிடணும். ஒட்டி முடிச்ச பாடிய சில வாரம் சும்மா போடுங்க. முடிஞ்சா பிரைமருக்கு முன்னாடியே பாடிய கீழ கொண்டு போய் யாராவது தெரிஞ்சவங்க வீட்டு வாசல்ல ஒரு வாரம் வெயில்ல காய விடுங்க, பாடி தொய்யாம சேஸிஸ்ல போல்ட் போட்டு இருக்கட்டும். கீழ போக வழி இல்லனா பங்குனி சித்திரை மதிய வெயில்ல கருப்பு துணிய போத்தி வைங்க. கடைசி லேயரா சர்ஃபேஸ் டிஷ்யூ (ரொம்ப மெல்லிசான நார் விரிப்பு) போட்டா நார் அச்சு இன்னும் குறையும்.

இப்ப உங்க வண்டிக்கு, நல்லா வெயில் பட்டு முடிஞ்சிருச்சுன்னா பாதி நல்லதே நடந்துருக்கு. பெயின்ட்ட 320 நம்பர் பேப்பர்ல மட்டமா தேச்சு, டூ கே சர்ஃபேசர் (ஹார்டனர் கலந்து அடிக்கிற, பள்ளத்த நிரப்புற பிரைமர்) ரெண்டு கோட் அடிச்சு, 400, 600ன்னு போய் திரும்ப அடிங்க. கலர மட்டும் மாத்த முடியும்னா வெள்ளை, கிரீம், வெளிர் பச்சைன்னு போங்க, கருப்பு இந்த பாடிக்கு எதிரி. பட்டிய தண்ணி ஊத்தி தேய்க்க விடாதீங்க, நம்ம பெயின்டர்ங்க எல்லாருக்கும் பழக்கம் அது, பட்டி தண்ணிய குடிச்சுக்கும், மலைல அது காயவே காயாது, அப்புறம் கொப்புளம் வரும். பட்டிக்கு டிரை பேப்பர், சர்ஃபேசருக்கு மேல தான் வாட்டர் பேப்பர்.

வெலிங்டன், ஒரு அக்கா: எங்க வீட்டுக்காரர் வீட்டை ஒட்டின ஷெட்ல இந்த வேலை பண்றாரு. வாசனை உள்ள வருது, குழந்தை இருக்கு. அவருக்கு உடம்பெல்லாம் அரிப்பு வேற.

அக்கா, இதுல உங்க பக்கம் தான் நான். அந்த வாசனை ரெசின்ல இருந்து ஆவியாகுற ஸ்டைரீன், தலைவலி, கண் எரிச்சல் குடுக்கும், குழந்தை இருக்குற வீட்ட ஒட்டி பண்ண வேண்டாம்னு நான் சொன்னேன்னே சொல்லுங்க. வேற இடமே இல்லனா வீட்டுப்பக்க கதவு இடுக்க அடைச்சுட்டு வெளிப்பக்கம் திறந்து வச்சு, குழந்தைய அன்னைக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பிடுங்க. சாதா முகக்கவசம், என்95 எல்லாம் தூசிக்கு தான், ஆவிக்கு கார்பன் கேட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேணும். கண்ணாடி, கிளவுஸ் கட்டாயம், எம்.இ.கே.பி. கண்ணுல பட்டா கால் மணி நேரம் ஓடுற தண்ணில கழுவிட்டே இருந்துட்டு உடனே ஆஸ்பத்திரி. அரிப்புக்கு முதல்ல பச்சத்தண்ணி ஊத்தி தூசிய கழுவி விடணும், அப்புறம் தான் சுடுதண்ணி, வெலிங்டன் குளிர்ல இத சொன்னா என்ன திட்டுவாரு, பரவால்ல. அவர் துணிய குழந்தை துணியோட சேத்து துவைக்காதீங்க. மிச்ச ரெசின டப்பாவோட குப்பைல போடாம வெளிய மண்ணு மேல வச்சு ஆற விடணும், கலந்த ரெசின் மொத்தமா இருந்தா புகையுற அளவுக்கு சூடாகும்.

கூடலூர்: புது லைட் போட்டேன், ஒண்ணு மங்கலா எரியுது, இன்டிகேட்டர் போட்டா பிரேக் லைட்டும் சேந்து சிமிட்டுது.

எர்த். தகர பாடில பாடியே எர்த், பைபர்ல கரண்ட் போகாது. ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் வயர் இழுத்து சேஸிஸ்ல பெயின்ட்ட சுரண்டி முறுக்குங்க. பெட்ரோல் ஊத்துற வாய் உலோகம்னா அதுக்கும் ஒரு எர்த்.

பெருமாள்மலை: மட்கார்ட அகலமாக்கி, மேல ஏர் ஸ்கூப் வச்சு ரோட்டுல ஓட்டலாமா? புதுசா கிட் பாடி கட்டுனா ஆர்.சி. கிடைக்குமா?

உடைஞ்சத பழைய வடிவத்துக்கே சரி பண்றது ரிப்பேர், யாரும் கேக்க மாட்டாங்க. வடிவத்த மாத்துறது வேற. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்த கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷ திருத்தத்துல ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். கலர் மாத்துனா ஆர்.சி.ல ஏத்தணும். வீட்டுல கட்டுன புது கிட் காருக்கு டைப் அப்ரூவல் (அந்த மாடல சோதிச்சு குடுக்குற அரசு அங்கீகாரம்) வேணும், தனி ஆளுக்கு அது நடக்குற காரியம் இல்ல, எஸ்டேட்டுக்குள்ள சொந்த ரோட்டுல ஓட்டிக்கலாம்.

அந்த ஸ்கூப்புக்கு தெர்மாகோல்ல மாடல் செதுக்கி நேரா ரெசின் அடிச்சிடாதீங்க, ஸ்டைரீன் பட்டதும் தெர்மாகோல் கரைஞ்சு ஒண்ணுமில்லாம போயிடும். பி.யு. ஃபோம் வாங்குங்க, இல்லனா தெர்மாகோல் முழுக்க பேக்கிங் டேப்ப இடைவெளி விடாம ஒட்டிட்டு அடிங்க.