15,000 ரூபாய்க்கு ஈசிஜி ப்ராஜெக்ட் வாங்கித் தரலாமா?

கேள்வி: என் மகள் பி.இ. பயோமெடிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையை வைத்து ஈசிஜி பதிவு செய்வதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட் சென்டரில் ரிப்போர்ட்டோடு சேர்த்து 15,000 ரூபாய் கேட்கிறார்கள். அவளோ, "சாமான் வாங்கி நானே செய்துகொள்கிறேன்" என்கிறாள். அரைகுறையாக முடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதை நம்பி வேலை கிடைக்குமா?

பதில்: வாங்கித் தராதீர்கள் அம்மா. மகள் சொல்வதுதான் சரி. ஒரு அர்டுயினோ யூனோ, இதயத்தின் மின் சிக்னலைப் பெருக்கித் தரும் ஏடி8232 மாட்யூல் ஒன்று, உடம்பில் ஒட்டும் ஜெல் ஸ்டிக்கர் எலெக்ட்ரோட் ஒரு பாக்கெட், நாலைந்து ஜம்பர் ஒயர், இவ்வளவுதான் சாமான். எல்லாம் 2,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். இதை ஓட்டும் மென்பொருளும் ஓபன் சோர்ஸாக இலவசமாகவே கிடைக்கிறது. மீதிப் பணத்துக்கு சென்டர் தருவது பைண்டிங் செய்த ரிப்போர்ட் மட்டும்தான். அதே ரிப்போர்ட்டைப் பக்கத்து ஊர் கல்லூரியிலும் யாராவது சமர்ப்பித்திருப்பார்கள்.

திரையில் அலை ஓடுவதைப் பார்த்து யாரும் வேலை தருவதில்லை. அது ஒரே நாளில் வந்துவிடும். விஷயம் தெரிந்தவர் இன்டர்வியூவில் முதலில் கேட்பது, "நொடிக்கு எத்தனை சாம்பிள் எடுத்தீர்கள், அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பதைத்தான். சாம்பிள் என்பது சிக்னலை ஒருமுறை அளந்து எடுத்த எண். விலைக்கு வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த மாட்யூலுக்கான மாதிரி புரோகிராம்கள் பலவற்றில் பாட் ரேட், அதாவது கணினிக்கு நொடிக்கு எத்தனை பிட் அனுப்பலாம் என்ற வேகம், 9600 என்று இருக்கும். 512 என்ற அளவை ஒரு வரியாக அனுப்ப மூன்று இலக்கமும் வரி முடிவுக்கு இரண்டு எழுத்துமாக 5 பைட் ஆகும். தொடக்க, முடிவு அடையாளங்களோடு ஒரு பைட்டுக்கு 10 பிட் என்பதால் கம்பியில் அது 50 பிட். 9600-ஐ 50-ஆல் வகுத்தால் 192. அதாவது, நொடிக்கு 250 சாம்பிள் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தாலும் 192-க்கு மேல் போகவே வழியில்லை. கணினியில் இருக்கும் புரோகிராம் அதை 250 என்றே நம்பிக் கணக்குப் போடும். நிமிடத்துக்கு 72 துடிக்கிற இதயம் திரையில் 94 என்று காட்டும். அலை பார்க்க அழகாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

இதைச் சரிசெய்வது கடினமில்லை. பாட் ரேட்டை 115200 ஆக்க வேண்டும். டிலே என்ற காத்திருப்புக் கட்டளை போட்டு நேரம் கடத்தாமல், பலகையில் மைக்ரோ நொடி எண்ணும் மைக்ரோஸ் கடிகாரத்தைப் பார்த்து 4000 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 250 முறை, படிக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் வரிசை எண்ணையும் சேர்த்து அனுப்பினால் நடுவில் விட்டுப்போனது தெரிந்துவிடும். பிறகு மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 10,000 வரி வர 40 நொடி ஆக வேண்டும். 52 நொடி ஆனால் பழைய கோளாறு போகவில்லை என்று அர்த்தம்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மாவாக நீங்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது இதுதான். எலெக்ட்ரோட் உடம்பில் ஒட்டியிருக்கும்போது லேப்டாப் பேட்டரியில் மட்டுமே ஓட வேண்டும். சார்ஜர், ப்ரொஜெக்டர், ஆசிலோஸ்கோப் எதுவும் இணைந்திருக்கக் கூடாது. சார்ஜரில் கோளாறு இருந்தால் மின்சாரம் உடம்பு வழியாகப் பாயலாம். ஜெல் தடவிய இடத்தில் தோலின் தடையும் குறைந்திருக்கும். சார்ஜரைக் கழற்றினால் வீட்டு மின்சாரத்திலிருந்து சிக்னலில் கலக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மாட்யூலுக்கு 3.3 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். 5 வோல்ட் பின்னில் செருகினால் சிப் போய்விடும். ஒயர்களின் நிறத்தை நம்ப வேண்டாம். தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. இடது கை, வலது கை ஒயர்கள் இடம் மாறினால் அலை தலைகீழாக வரும். மணிக்கட்டில் ஒட்டினால் தசைத் துடிப்பும் சேர்ந்து பதிவாகும் என்பதால் மார்பில் ஒட்டுவது மேல். பிரித்து வைத்த பாக்கெட்டில் ஜெல் காய்ந்துவிடும்; "நேற்று வந்த சிக்னல் இன்று வரவில்லை" என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

சிக்னல் ஒழுங்காக வந்தபிறகுதான் மென்பொருள் வேலை. துடிப்பைக் கண்டுபிடிக்க 1985-ல் வெளியான பான்–டாம்ப்கின்ஸ் முறையை அவளே எழுதட்டும். சோதித்துப் பார்க்க பிசியோநெட் தளத்தில் எம்ஐடி-பிஐஎச் தரவுத்தொகுப்பு இலவசமாக இருக்கிறது: அரைமணி நேரப் பதிவுகள் 48, ஒவ்வொரு துடிப்பும் குறிக்கப்பட்டவை. அந்தப் பதிவுகள் நொடிக்கு 360 சாம்பிள். அந்த முறை ஒரு நேரத்தில் சேர்த்துப் பார்க்கும் 150 மில்லி நொடித் துண்டு (ஜன்னல்) அங்கே 54 சாம்பிள், அவளுடைய 250-ல் சுமார் 38. எண்ணை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போட்டால் முடிவு கெட்டுப்போகும். எத்தனை துடிப்பு தவறியது, எத்தனை பொய்யாக எண்ணப்பட்டது என்ற அட்டவணைதான் ரிப்போர்ட்டின் உயிர்.

தலைப்பில் "மாரடைப்பை முன்கூட்டியே கண்டறியும் கருவி" என்று மட்டும் போட்டுவிட வேண்டாம். இந்த மாட்யூல் பொதுவாக 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மெதுவான மாற்றங்களை வெட்டிவிடும். மருத்துவமனை ஈசிஜி 0.05 வரை போகும். அலையில் மாரடைப்பைக் காட்டும் எஸ்டி என்ற பகுதி இந்த வெட்டில் உருமாறிவிடும். துடிப்பு எண்ணிக்கையும் இடைவெளியும் அளக்கிறேன் என்று சொன்னாலே போதும், மதிப்பு கூடும். தோழிகளைப் பதிவு செய்தால் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். புரோகிராம்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போடும்போது பெயரை எடுத்துவிட வேண்டும்.

வேலைக்கு வருவோம். மருத்துவமனையில் கருவிப் பராமரிப்பு வேலைக்கு இந்த ப்ராஜெக்ட் பெரிதாக உதவாது, அங்கே கேட்பது வேறு. மருத்துவக் கருவி நிறுவனங்களில் எம்பெடட் (கருவிக்குள் ஓடும் புரோகிராம் எழுதுவது), சிக்னல் பிராசசிங், டெஸ்டிங் வேலைகளுக்கு நிச்சயம் உதவும், சி மொழி கைவசம் இருந்தால். ஓய்வு நேரத்தில் மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐஇசி 62304 தரநிலை என்ன கேட்கிறது என்று படித்து வைக்கட்டும். கருவியில் ஓபன் சோர்ஸ் மென்பொருளைச் சேர்த்தால் அதற்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. கல்லூரியில் அதைத் தொடுவதே அபூர்வம். மேலே படிக்க ஆசை என்றால், கேட் தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கலுக்கென்றே தனித்தாள் உண்டு.

ஒருவேளை சென்டரில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்றால், பணம் திரும்பாவிட்டாலும் சண்டை வேண்டாம். ரிப்போர்ட்டை அங்கேயே விட்டுவிட்டு, கிட்டையும் புரோகிராமின் மூலப் பிரதியையும் மட்டும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அதன் பாட் ரேட் என்ன என்று மகள் பார்க்கட்டும்.